தொட்டிக்குள் இறங்கிய ஒட்டகம்

பத்து வயதில் நான் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். சும்மா விளையாட்டுப் பதவி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெயர் எழுதிய அட்டை கழுத்தில் தொங்கியது. கையெழுத்துப் போட ஒரு நீளமான நோட்டு இருந்தது. என் அனுமதி இல்லாமல் எங்கள் வீட்டு மீன் தொட்டிக்குள் ஒரு கூழாங்கல்கூட இறங்க முடியாது. பிளாஸ்டிக் செடி ஒன்றைப் போட ஆசைப்பட்ட அம்மாவே நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு ஒருநாள் முழுக்கக் காத்திருந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் வேலை பார்த்துவிட்டேன், அந்த அதிகாரம் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பாடியில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் இயந்திரத்தில் வேலை. தகட்டை அடியில் வைத்தால் மேலிருந்து இரும்பு இறங்கி ஒரே அழுத்தாக அழுத்தும், தகடு வண்டிப் பாகமாக வெளியே வரும். எதிர் வீட்டு அங்கிளுக்கும் அதே தொழிற்சாலை, அதே இயந்திரம். அப்பா பகல் ஷிஃப்ட் முடித்து இறங்கினால் அவர் அடுத்த ஷிஃப்டுக்கு ஏறுவார். வாரம் மாறினால் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். இயந்திரம் மட்டும் ஓய்வெடுக்காது.

தொட்டியை வாங்கி வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ஓ.டி.யில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். என் பிறந்தநாளுக்கு மூன்றடித் தொட்டியும் ஆறு மீன்களும் கொண்டுவந்து, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்து, லாரித் தண்ணீரை அப்படியே ஊற்றி மீன்களை விட்டார். மறுநாள் ஆறும் மல்லாந்து மிதந்தன. மாமா கொளத்தூர் மீன் சந்தைக்கு வண்டியை விட்டு இன்னும் ஆறு வாங்கி வந்தார். அதில் ஒன்று இரவோடிரவாக வெளியே துள்ளி சோஃபாவுக்கு அடியில் காய்ந்து கிடந்தது. ஒன்றின் வாலை ஃபில்டர் உறிஞ்சிக்கொண்டது. இன்னொன்று பிளாஸ்டிக் கோட்டையின் ஜன்னலுக்குள் தலையை நுழைத்து எடுக்கத் தெரியாமல் போய்ச் சேர்ந்தது. நான் ஒவ்வொன்றுக்கும் அழுதேன். மாமா ஒவ்வொன்றுக்கும் கொளத்தூர் போனார்.

அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா ஒருநாள் எழுந்து வந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது மீன் வளக்கிற மாதிரி இல்ல. தடுப்பு போடாத மெஷின ஓட்டுற மாதிரி இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து தொட்டி அப்பாவின் தொழிற்சாலை விதிகளுக்குக் கீழே வந்தது. லாரித் தண்ணீரில் இருக்கும் மருந்து போக, இரண்டு பக்கெட்டில் பிடித்து ஒருநாள் திறந்து வைக்க வேண்டும். அதுபோக மூன்றாவது பக்கெட் ஒன்றில் தயாரான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும், அது அவசரத் தண்ணீர், அதைத் தொட்டால் கொலைக் குற்றம். ஃபில்டர் வாயில் ஸ்பாஞ்சு. மேலே கொசுவலைக் கம்பியால் மூடி. ஒயர்கள் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே போக வேண்டும், அப்போதுதான் ஒயரில் வழியும் தண்ணீர் சுவிட்சுக்குப் போகாமல் கீழே சொட்டும். தொட்டிக்குள் கை விடுவதற்கு முன் சுவிட்சை அணைத்து, 'ஆள் வேலை செய்கிறார், போடாதே' என்று எழுதிய சிவப்பு அட்டையை அதில் மாட்ட வேண்டும். ஒருநாள் நான் அந்த அட்டையை எடுக்க மறந்துபோக, அம்மா அதைப் பார்த்துவிட்டு மிக்ஸியைக்கூடப் போடாமல் சட்னியை அம்மியில் அரைத்தாள்.

கடைசியாக நைலக்ஸ் சோதனை. அம்மாவின் பழைய நைலக்ஸ் புடவையில் ஒரு துண்டைக் கிழித்து அப்பா என்னிடம் தந்தார். தொட்டிக்குள் போகிற எந்தப் பொருளானாலும் அந்தத் துணியை அதன்மேல் உரச வேண்டும். துணியில் இழை மாட்டினால் மீனின் துடுப்பும் மாட்டும். மாட்டாவிட்டால் பொருளை ஒருநாள் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, சாயம் போகிறதா, நுரைக்கிறதா என்று பார்த்து, நோட்டில் எழுதி, நான் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் பர்மிட். மாமா கொண்டுவந்த கடற்கன்னி பொம்மை நைலக்ஸில் தோற்று டிவி மேலேயே நின்றுவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கரும்பலகை. தொழிற்சாலை வாசலில் இருப்பதைப் போலவே அப்பா பிளைவுட் துண்டில் கறுப்புப் பெயிண்ட் அடித்து, 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதித் தொட்டிக்கு மேலே ஆணியில் மாட்டினார். தினமும் காலையில் ஒரு நாளைக் கூட்டி எழுதுவது என் வேலை. ஒரு மீன் செத்தாலோ காயம் பட்டாலோ சைபர். மறுநாள் ஒன்றிலிருந்து ஆரம்பம். முதல் தடவை நான்கு வரை போனது. அடுத்து பதினொன்று. அதற்கடுத்து இருபத்து மூன்றில் மாமாவின் கொசு ஸ்ப்ரே புண்ணியத்தில் சைபர். அதற்கப்புறம் பிடித்த ஓட்டம்தான் ஓட்டம். ஐம்பதைத் தாண்டியபோது எதிர் வீட்டு அங்கிள் ஷிஃப்டுக்குப் போகும் வழியில் தினமும் கதவில் தலையை நீட்டி, "இன்னிக்கு எத்தினி பாப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். நான் எண்ணைச் சொல்லிவிட்டு சல்யூட் அடிப்பேன். அவரும் அடிப்பார்.

அப்போது தொட்டியில் ஐந்து தங்கமீன்கள். அவற்றில் ஒன்று உடம்பெல்லாம் வெள்ளையாக, உச்சந்தலையில் மட்டும் சிவப்பாகத் தொப்பி வைத்த ஜாதி. அதற்கு 'ஹெல்மெட்' என்று பெயர் வைத்தது அப்பா. "பாரு, தலையில ஹெல்மெட் போடாம அது வேலைக்கே இறங்கல" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். நான் தொட்டியருகே போனால் ஹெல்மெட் மட்டும் கண்ணாடியை ஒட்டி வந்து என் விரல் போகும் பக்கமெல்லாம் வரும்.

டிசம்பர் வந்தது. கணக்குப் பார்த்தால் நூறாவது நாள் கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. அப்பா அதை ஒரு விழாவாகவே அறிவித்துவிட்டார். பூசை முடிந்து வந்ததும் எங்கள் மாடியில் இருக்கிற மூன்று வீட்டுக்காரர்களுக்கும் கேக். அவர்கள் முன்னால் நான் நூறு என்று எழுதுவது. இதில் இன்னொரு சந்தோஷமும் சேர்ந்துகொண்டது. அப்பாவின் தொழிற்சாலை வாசல் போர்டும் ஆயிரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. புது வருடம் பிறந்ததும் குடும்பங்களையெல்லாம் கூப்பிட்டு விருந்து, ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ் செட். அம்மா அலமாரியில் அதற்கு இடம்கூட ஒதுக்கிவிட்டாள். எதிர் வீட்டு ஆன்ட்டி என்ன கலர் வரும் என்று அம்மாவோடு பந்தயம் கட்டியிருந்தாள்.

இடையில் ஒருநாள் அப்பா வலது கையில் பெரிய கட்டோடு வீட்டுக்கு வந்தார். வண்டி ஸ்டாண்டில் விரல் மாட்டிக்கொண்டது என்று சொன்னார். "உனக்கே விபத்தாப்பா?" என்று நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினாள். பத்து நாள் லீவு போட்டு வீட்டில் இருந்தார். இடது கையால் சாப்பிட்டார், இடது கையால் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்பினார்.

எங்கள் வீட்டில் குடில் கட்டினால் மூன்று ராஜாக்களை முதல் நாளே அதில் வைக்கமாட்டார்கள். அவர்கள் தூர தேசத்திலிருந்து வருகிறவர்கள். அதனால் ஹாலின் அந்தக் கோடியில் ஆரம்பித்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரியில் அவர்களின் திருநாளன்றுதான் குழந்தை இயேசு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவோம். நகர்த்துவது என் பொறுப்பு. அந்த வருடம் ராஜாக்களும் அவர்களுடைய ஒட்டகமும் ஜன்னல் திட்டில் கிளம்பி, டிவி மேசையைக் கடந்து, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு மீன் தொட்டியை அடைந்தார்கள்.

வழியில் இவ்வளவு தண்ணீர் இருக்கும்போது அவர்கள் சுற்றிக்கொண்டு போவதா? ஒட்டகம் ஆற்றைக் கடந்து போனால் எப்படி இருக்கும்? எதிர் வீட்டுப் பிள்ளைகள் வாயைப் பிளந்துவிடுவார்கள் என்று தோன்றியது. ஒட்டகம் பிளாஸ்டர் மாவில் செய்தது. மேலே தங்கப் பெயிண்ட், அதன் மேல் ஜிகினா. பர்மிட் நோட்டு என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நைலக்ஸ் துணி அதற்குள்தான் இருந்தது. ஆனால் மற்றவர்களுக்குப் பர்மிட் கொடுப்பதே நான். எனக்கு யார் பர்மிட் கொடுப்பது? மூடியைத் திறந்து ஒட்டகத்தைக் கூழாங்கற்கள் நடுவில் இறக்கிவிட்டேன். பச்சைத் தண்ணீரில் தங்க ஒட்டகம் நின்ற அழகு இருக்கிறதே, இன்னும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் காலையில் அப்பா கட்டு மாற்றக் கிளினிக்குக்குப் போயிருந்தார். அம்மா கோவிலில் பாட்டுப் பயிற்சியில் இருந்தாள். நான் தொண்ணூற்றேழு எழுதச் சாக்பீஸோடு வந்தேன். தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கியிருந்தது. ஒட்டகத்தின் கால்கள் கரைந்து, அது முட்டி போட்டு உட்கார்ந்திருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஹெல்மெட் மட்டும் ஃபில்டர் ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. விரலை ஆட்டினேன். வரவில்லை.

நான் போட்ட சத்தத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மாமா நுரையோடு ஓடி வந்தார். ஒன்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டும், அந்த நிலைமையிலும் நான் சிவப்பு அட்டையை மாட்டாமல் தண்ணீரில் கை வைக்கவில்லை. அவசரத் தண்ணீர் பக்கெட்டை இழுத்து வந்தேன். வலையால் நான்கு மீன்களையும் ஒவ்வொன்றாக அள்ளி அதில் விட்டேன். காற்றுக் குழாயை அதில் போட்டேன். மாமா, "இப்போ இன்னா பண்ணணும்? இப்போ இன்னா பண்ணணும்?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். கால் மணி நேரத்தில் நான்கும் மூச்சு வாங்குவதை நிறுத்திக் கீழே இறங்கி நீந்தின. அவற்றைக் காப்பாற்றியது நான்தான் என்பதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து அழுதேன்.

"தோ பாரு, நீ இன்னாத்துக்கு அழுவுற?" மாமா வாயைக் கழுவிக்கொண்டு வந்தார். "கொளத்தூர்ல இதே மாதிரி குல்லா போட்ட மீனு கூடை கூடையா கீது. ஒண்ண வாங்கிகினு வந்து உட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

"போர்டு?"

"போர்டுக்குக் கண்ணு கீதா? மூணு நாள்ல நூறு. உங்கப்பா ஊரக் கூட்டி வச்சிகினு கீறாரு. கைல வேற அடி. அவரு மனசு கஷ்டப்படணுமா, சொல்லு."

அவர் சொன்னதில் கடைசி வாக்கியம்தான் என்னை மடக்கியது. சரி என்றேன். மாமா பறந்து போய்ப் பறந்து வந்தார். தொட்டியைக் கழுவி, ஊற வைத்த தண்ணீரை நிரப்பி, மீன்களை விட்டு, ஒட்டகத்தின் மிச்சத்தைப் பேப்பரில் சுற்றி அவர் பைக்குள் போட்டுக்கொண்டார். ராஜாக்கள் நடந்தே போகட்டும் என்றார். ஹெல்மெட்டை மொட்டை மாடித் துளசித் தொட்டியில் புதைத்தோம். பன்னிரண்டு மணிக்கு நான் தொண்ணூற்றேழு எழுதினேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, "இன்னும் மூணு" என்று இடது கையின் மூன்று விரலைக் காட்டினார்.

புது மீனும் அழகுதான். ஆனால் அதன் சிவப்புத் தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. என் விரலுக்கு அது வரவும் இல்லை.

அன்று சாயங்காலம் கிறிஸ்துமஸுக்காகப் பாவசங்கீர்த்தனம், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது. கோவிலில் நீண்ட வரிசை. முழங்கால் போட்டு, பொய் சொன்னேன் சாமி என்றேன். யாரிடம் என்று கேட்டார். போர்டிடம் என்று சொல்ல வாய் வரவில்லை, வீட்டில் என்றேன். மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். நான் பாதுகாப்புக்காக ஆறு சொன்னேன். சாமி மன்னித்துவிட்டார், ஆனால் வீட்டுக்கு வந்தால் தொண்ணூற்றேழு அப்படியே இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று தொண்ணூற்றெட்டு எழுதினேன், புது கவுன் போட்டுக்கொண்டும் சந்தோஷம் இல்லை. மறுநாள் தொண்ணூற்றொன்பது எழுதியபோது சாக்பீஸ் உடைந்தது. எதிர் வீட்டு அங்கிள் தலையை நீட்டி, "எத்தினி பாப்பா?" என்றார். நான் சல்யூட் அடிக்காமல் உள்ளே ஓடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் இடமில்லை. மூன்று வீட்டுப் பெரியவர்கள், பிள்ளைகள், பலூன், தட்டுகளில் கல்கல், அச்சு முறுக்கு, நடுவில் அம்மா செய்த பிளம் கேக். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, தொழிற்சாலையில் பேசுவது போலவே இரண்டு வார்த்தை பேசினார். பாதுகாப்பு என்பது பெரியவர்களுக்கு மட்டும் இல்லை, இந்தத் தொட்டியைப் பாருங்கள், நூறு நாள், எல்லாம் எங்கள் அதிகாரியின் சாமர்த்தியம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மாமாதான் அதிகம் தட்டினார். அப்பா புது சாக்பீஸை என் கையில் கொடுத்தார்.

நாற்காலி மேல் ஏறினேன். தொண்ணூற்றொன்பதை அழித்தேன். நூறு எழுத முதலில் ஒன்று போட வேண்டும். சரிந்த தொப்பி மீன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கை எழுந்து, ஒன்றைப் போடாமல், போர்டு முழுக்க ஒரே ஒரு பெரிய சைபரை வரைந்தது.

"இன்னும் ரெண்டு பாக்கி கீது பாப்பா, எழுது" என்றார் எதிர் வீட்டு அங்கிள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"இல்ல அங்கிள், சைபர்தான்" என்றேன். அதற்குமேல் எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. ஒட்டகம், பர்மிட் இல்லாமல் இறக்கியது, கஞ்சித் தண்ணீர், துளசித் தொட்டி, கொளத்தூர். மாமா பலூன்களுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். ஹாலில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அம்மா கேக் கத்தியைப் பிடித்தபடியே அப்பாவைப் பார்த்தாள், என்னை அல்ல.

அப்பா போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். இத்தனை பேர் முன்னால் அவர் மானம் போய்விட்டதே என்று நாற்காலியை விட்டு இறங்கவும் தோன்றவில்லை.

"யாராவது எழுதச் சொன்னாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லப்பா. யாரும் சொல்லல. ஹெல்மெட் செத்துப்போச்சு இல்ல. அப்போ சைபர்தானே?"

"சைபர்தான்" என்றார் அப்பா. மறுபடியும், "ஆமா, சைபர்தான்" என்றார். பிறகு நாற்காலி மேல் நின்ற எனக்குக் கை நீட்டினார். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கை. பெரியவர்களுக்குக் கொடுப்பது போலவே குலுக்கினார். எனக்கு அந்த இடத்தில் தலைகால் புரியவில்லை. மெடல் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு பெருமை வந்திருக்காது.

கேக்கை வெட்டித்தான் ஆக வேண்டும் என்று அம்மா சொன்னாள். சைபருக்காகவே வெட்டினோம்.

மறுநாள் காலை அப்பாவின் லீவு முடிந்து வேலைக்குக் கிளம்பினார். அம்மா டிபன் பாக்ஸை அவர் பையில் வைத்துக்கொண்டே, "போயி சொல்லிட்டு வாங்க. வர்றது வரட்டும், பாத்துக்கலாம்" என்றாள். எனக்கு உச்சந்தலைவரை வெட்கம் ஏறியது. என் ஒட்டகக் கதையைத் தொழிற்சாலையில் எல்லோரிடமும் போய்ச் சொல்லப் போகிறார் என்று முடிவு செய்துகொண்டேன். நான் போர்டில் ஒன்று என்று எழுதினேன். அப்பா வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினார்.

புது வருடம் பிறந்தது. தொழிற்சாலை விருந்துக்கு நாங்கள் போகவில்லை. யாருமே போகவில்லை, விருந்தே கிடையாது என்றார்கள். ஹாட்பாக்ஸ் வரவில்லை. அம்மா அந்த இடத்தில் பருப்பு டப்பாவை வைத்தாள். எதிர் வீட்டு ஆன்ட்டி மாடிப்படியில் அம்மாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கிள் கதவில் தலையை நீட்டுவதை விட்டுவிட்டார். எத்தனை என்று கேட்க ஆளில்லாமல் நான் ஆறு, ஏழு, எட்டு என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

காரணம் எனக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. விழாவுக்குக் கூப்பிட்டு நூறு எழுதாமல் ஏமாற்றியது நான். அதனால்தான் கோபம். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, மிச்சமிருந்த அச்சு முறுக்கை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கிள்தான் திறந்தார்.

"அங்கிள், சாரி. ஒட்டகத்த நான்தான் வச்சேன். எங்கப்பா மேல தப்பே இல்ல. அவர்கூடப் பேசுங்க."

அவர் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு முறுக்கை எடுத்துப் பாதி கடித்தார். "ஊட்டுக்குப் போ பாப்பா" என்று என் தலையைத் தடவி அனுப்பினார். தட்டை மட்டும் வாங்கிக்கொண்டார். பாதி வெற்றி என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

நடந்தது என்ன என்பதை அம்மா எனக்குச் சொன்னது நான் படித்து முடித்து வேலையில் சேர்ந்த பிறகு. அப்பாவின் விரல் வண்டி ஸ்டாண்டில் மாட்டவில்லை. பிரஸ் இயந்திரத்தில் போனது, வலது கை மோதிர விரலின் நுனி. கை உள்ளே இருந்தால் இயந்திரம் இறங்காதபடி ஒரு தடுப்புப் போடுங்கள் என்று அப்பா பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். விபத்தே நடக்காத இயந்திரத்துக்குத் தடுப்பு எதற்கு என்பது பதில். விபத்து நடந்த அன்று ஒரு மேலதிகாரி ஆஸ்பத்திரிக்கே வந்து, ஆயிரம் நாள் கிட்டத்தில் இருக்கிறது, எல்லாக் குடும்பமும் ஆசையாகக் காத்திருக்கிறது, வண்டி ஸ்டாண்டு என்று சொல்லிவிடுங்கள், லீவுக்கு நான் பொறுப்பு என்று தன்மையாகப் பேசியிருக்கிறார். அப்பாவும் தலையாட்டிவிட்டார். என் சைபருக்கு மறுநாள் போய், விரல் எங்கே போனதோ அந்த இயந்திரத்தின் பெயரிலேயே எழுதிக் கொடுத்தார். தொழிற்சாலை வாசலில் ஆயிரத்துக்குப் பக்கத்தில் வந்த எண் அழிந்தது, விருந்தும் ஹாட்பாக்ஸும் அதோடு போயின, எதிர் வீட்டுக் கோபமும் அதற்குத்தான். அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. அதைப் பற்றி அவர் வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் அப்பா எழுத வைத்த அந்தச் சைபரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது. கொஞ்சம் என்னுடையதும் அதில் இருக்கிறதே.

அதெல்லாம் பின்னால் வந்த ஞானம். அந்த வயதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பொங்கலுக்கு இரண்டு நாள் கழித்து, போர்டில் இருபது எழுதியிருந்த ஒரு சாயங்காலம், எதிர் வீட்டு அங்கிள் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தார். கையில் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் கவர், அதற்குள் சிவப்புத் தொப்பி வைத்த ஒரு மீன். அப்பா எழுந்து நின்றார்.

"கம்பித் தடுப்பு போட்டுட்டாங்கப்பா மெஷினுக்கு" என்றார் அங்கிள். "இன்னிக்குத் தகடு சிக்கிச்சு. பழக்கதோஷத்துல கைய உள்ள உட்டுட்டேன். மெஷின் எறங்கல. அப்படியே நின்னுச்சு."

அப்பா சோஃபாவில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கிள் மீனை என்னிடம் நீட்டி, "பர்மிட் போட்டு உள்ள உடு பாப்பா" என்றார். நான் கவரை வாங்கி மேசை மேல் வைத்தேன். அவர் முழங்காலிட்டு என் உயரத்துக்கு இறங்கி, எண்ணெய்க் கறை படிந்த இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்தார்.

"எத்தினி விரல் கீது, எண்ணிச் சொல்லு."

எண்ணினேன். "பத்து."

"நல்லா பாத்து எண்ணு."

ஒவ்வொரு விரலாகத் தொட்டு, சத்தமாக, ஒன்று முதல் மறுபடியும் எண்ணினேன். "பத்துதான் அங்கிள்."

அவர் கண் கலங்கியிருந்தது. அப்பா தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கோ கொஞ்சம் கோபம்தான் வந்தது. வகுப்பில் கணக்கில் முதல் மார்க் வாங்குகிற பிள்ளையிடம், எல்.கே.ஜி. குழந்தையிடம் கேட்க வேண்டிய கேள்வியை இவர் எதற்கு இரண்டு தடவை கேட்கிறார்?